தண்ணி லாரிக் கோப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் போய் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்திரிகைக் கட்டுரைக்காகக் கேட்டது மூன்றுதான்: போன கோடையில் குடிதண்ணீர் லாரிக்கு வந்த கொட்டேஷன்களின் நகல், அதை முடிவு செய்த கூட்டத்தின் மினிட்ஸ், லாரி ஓடிய லாக்புக். எந்தப் பஞ்சாயத்து என்று இங்கே எழுத மாட்டேன், சம்பந்தப்பட்டவரின் பதில் கைக்கு வரும்வரை.

மனு தமிழில். வாங்கியவர் மலையாளத்தில் எழுதக் கூடாதா என்றார். கேரளாவின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மைக்காரர்கள் தமிழிலேயே எழுத வழி இருக்கிறது என்று சொன்னதும் சீல் குத்திக் கொடுத்தார். சண்டை ஒன்றும் இல்லை, தெரியாமல் கேட்டார், அவ்வளவுதான்.

இந்த லாரி ஒப்பந்தத்தில் ஏதோ சரியில்லை என்று முதலில் என்னிடம் சொன்னது என் அத்தை மகன். அவனும் லாரி வைத்திருக்கிறான், அந்தக் கொட்டேஷனில் தோற்றவன். இதை இன்றைக்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பொள்ளாச்சி அண்ணனைப் பார்க்கப் போனேன், முப்பது வருடமாக நிருபராக இருப்பவர். யாராவது ரகசியம் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று காத்திருக்காதே, இரண்டு லிஸ்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வை, முதல் லிஸ்ட்டில் முடிவெடுப்பவர்கள், இரண்டாவதில் காசு வாங்குபவர்கள் என்றார். 2021-ல் அமெரிக்காவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை செய்ததும் அதைத்தானாம். நீதிபதிகள் தாக்கல் செய்த சொத்துக் கணக்கு ஒரு பக்கம், அவர்கள் விசாரித்த வழக்குகள் மறுபக்கம். தங்களுக்கோ குடும்பத்துக்கோ பங்கு இருந்த கம்பெனிகளின் வழக்கை விசாரித்த ஃபெடரல் நீதிபதிகள் 131 பேர், 2010-லிருந்து 685 வழக்குகள். அடுத்த வருடமே அந்தக் கணக்குகளை இணையத்தில் போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

நம்ம ஊரில், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க விற்ற தேர்தல் பத்திரம். 2024 மார்ச்சில் ஸ்டேட் வங்கி முதலில் கொடுத்த பட்டியல்களில் வாங்கியவர் தனி, கட்சி தனி. உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்ன பிறகுதான் பத்திர எண்கள் வந்தன, அதை வைத்துத்தான் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கோர்க்க முடிந்தது. அதிகமாக வாங்கியது லாட்டரி கம்பெனி, 1,368 கோடி. கோயம்புத்தூர் அதிபர், இங்கிருந்து ஒரு மணி நேரம்.

மார்ச் 22, சனி

லாரி கம்பெனி கோவையில் பதிவான பிரைவேட் லிமிடெட். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நூறு ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனி தாக்கல் செய்த பேப்பர்களைப் பார்க்கலாம். இயக்குநர்கள் இரண்டு பேர், பங்குதாரர்கள் மூன்று பேர்.

பெயர் கிடைத்தும் பிடி கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவார்கள், இந்தப் பக்கம் கேரளாவில் ஆவணங்களில் வீட்டுப் பெயர் ஒட்டிக்கொள்ளும், ஒரே ஆள் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் காகிதத்தில் இரண்டு ஆள். கம்பெனி இயக்குநர்களுக்கு அரசு கொடுக்கும் இயக்குநர் எண் ஆளுக்கு ஒன்றுதான், ஆயுசுக்கும் மாறாது, ஆனால் எங்கள் பஞ்சாயத்துக் காகிதத்தில் அந்த எண்ணை யார் கேட்கிறார்கள்?

கடைசியில் உதவியது காதுகுத்துப் பத்திரிகை. வார்டு மெம்பர் வீட்டு விசேஷம், மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் வந்தது, அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டார். தாய்மாமன் என்ற இடத்தில் முதலெழுத்தோடு பெயர், கீழே சின்ன எழுத்தில் கம்பெனிப் பெயர். முதல் இயக்குநர் அவர்தான். மூன்றாவது பங்குதாரரின் பெயர் மெம்பர் மனைவியின் பெயர், முதலெழுத்தும் அதே அப்பாவுடையது. அதே பெயரில் வேறு யாராவதும் இருக்கலாம். இதை மட்டும் வைத்து அச்சிட முடியாது.

ஏப்ரல் 3, வியாழன்

சரியாக முப்பதாம் நாள் பதில் வந்தது, மலையாளத்தில். கொட்டேஷன் மூன்று. அத்தை மகனுடையது தாமதம் என்று தள்ளியிருக்கிறார்கள். மற்ற இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்தேன். லெட்டர்பேடு வேறு, தொகை வேறு, சீல் வேறு. ஆனால் பஞ்சாயத்தின் பின்கோடில் இரண்டிலும் கடைசி எண் தப்பு, அதே தப்பு, 'லிட்டர்' என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டிலும் ஒரு தேவையில்லாத கமா. ஒரே ஆள் டைப் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை எழுத முடியாது, தப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது என்பதை எழுதலாம்.

மினிட்ஸில் அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் மெம்பர். கம்பெனி மச்சானுடையது என்று அவர் சொன்னதாக ஒரு வரி இல்லை, எழுந்து வெளியே போனதாகவும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

லாக்புக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். போன ஏப்ரலில் எங்கள் தெருக்கோடிக்கு லாரி 26 நாள் வந்ததாக எழுதியிருக்கிறது. அங்கே ஒரு அக்கா, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே தண்ணி வந்த நாளுக்கு பென்சிலில் 'த' போடுவார். சுவரில் புதுக் காலண்டருக்குப் பின்னால் பழையது தொங்கியது. எண்ணினோம், 11. இன்னொரு தரம் அவர் பெண் எண்ணினாள், 11. "மெம்பர்கிட்டதான் சொன்னோம் கண்ணு, லாரி ரிப்பேருன்னார்" என்றார் அந்த அக்கா.

அப்போதிலிருந்து இதுவேதான் மண்டைக்குள். பஞ்சாயத்தில் இந்தத் தெருவுக்காகக் கேள்வி கேட்க வேண்டிய ஆள் அவர், பதில் சொல்ல வேண்டியது அவர் மச்சான். மெம்பர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, போன மழையில் இடிந்த வீட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தார்ப்பாய் கொண்டுவந்தவர். ஆனால் வீட்டில் கோபம் வரும் என்று தெரிந்தால் யார்தான் கேட்பார்கள், குடம் காலியாக இருந்தது 15 நாள். முடிவெடுக்கும் பதவியும் அதில் கிடைக்கும் ஆதாயமும் ஒரே பக்கம் சேர்வதை, கிரிக்கெட் வாரிய வழக்கில் பத்திரிகைகள் 'இரட்டை ஆதாயம்' என்று எழுதின. 2015-ல் உச்ச நீதிமன்றம், வாரிய நிர்வாகிகள் ஐபிஎல் அணி வைத்துக்கொள்ள வழி விட்ட விதியை ரத்து செய்தது. அந்தச் சொல்லையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மெம்பருக்குப் போன் செய்தேன். என்ன எழுதப் போகிறேன் என்பதை முழுக்கச் சொன்னேன், பின்கோடு, காலண்டர் எல்லாம்.

"ஏனம்மிணி, எம்மச்சான் தொழில் பண்ணக் கூடாதா?" என்றார். பண்ணலாமுங்க, கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு நீங்கள் விலகியிருக்கலாமே என்றேன். உறவு உண்மை என்று அவரே சொல்லிவிட்டதால் காதுகுத்துப் பத்திரிகை இனித் தேவையில்லை. மூன்றாவது பங்குதாரர் உங்கள் வீட்டம்மாவா என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் எழுத்தில் தருகிறேன் என்றார். அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, பஞ்சாயத்தோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் ஆதாயம் உள்ளவருக்கு மெம்பராக இருக்கும் தகுதி போகும், அதை முடிவு செய்வது மாநிலத் தேர்தல் ஆணையம், நான் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கட்டுரையின் முதல் பாராவை எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன்: இந்தத் தகவலை முதலில் சொன்னவர் என் உறவினர், அதே ஒப்பந்தத்துக்குக் கொட்டேஷன் கொடுத்துக் கிடைக்காதவர். அப்படியே இருக்கட்டும், மேலேயே இருக்கட்டும் என்றார்.

அத்தை காதுக்கு எப்படியோ போய்விட்டது. "சொந்தப் பையனைப் பேப்பர்ல இழுக்கறியே" என்று அழுதார். கூட்டத்தில் மெம்பர் சொல்லாததைத்தானே நான் கேட்கிறேன், நான் சொல்லாமல் விட்டால் எப்படி அத்தை என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். போனை வைத்துவிட்டார்.

நாளைக்கு விஷு. மெம்பரின் பதில் செவ்வாய்க்கிழமை வரும். அக்கா வீட்டுக் காலண்டரை ஒவ்வொரு தாளாகப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பழையதை எடைக்குப் போட வேண்டாம் என்று அவர் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.