எட்டரை மணிக் கணக்கு

ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்கு வருகிறவரிடம் மூன்று ஏடுகளை ஒப்படைப்பார்கள். செக்ரோல் என்கிற ஆள் வருகை, கூலி ஏடு, ஸ்டோர் கணக்கு, மழைக் கணக்கு. முதல் இரண்டில் ஒரு ரூபாய் பிசகினாலும் மாலைக்குள் கேள்வி வந்துவிடும். மூன்றாவதை யாரும் புரட்டுவதில்லை. கேரளாவின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டுப் பக்கம் இத்தனை வருடம் வேலை பார்த்ததில், தோட்டத்தின் தலையெழுத்து அந்த மூன்றாவது ஏட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதை நாம் எழுதுகிற முறை போதாது என்றும் தோன்றுகிறது.

முறை எளிது. காலை 8.30 மணிக்கு மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, மில்லிமீட்டர் கணக்கில் எழுத வேண்டும். நாடு முழுக்க இதே நேரம்தான். மாதக் கடைசியில் கூட்டி, வருடக் கடைசியில் மொத்தம் போட்டால் முடிந்தது. அந்த மொத்தத்தை வைத்துத்தான் 'இந்த வருசம் மழை பரவாயில்லை' என்று எல்லாரும் பேசிக்கொள்கிறோம். ஆனால் 90 மில்லிமீட்டர் என்று நான் எழுதினால், அது ராத்திரி முழுக்கச் சாரலாகப் பெய்ததா, விடியலில் ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்ததா என்று ஏடு சொல்லாது. முன்னது ஏலத்தின் வேருக்குப் போகும். பின்னது மேல்மண்ணையும் எருவையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும். இரண்டுக்கும் ஒரே எண்.

ஏலச்செடி மழையை நம்பியே வளர்க்கப்பட்ட பயிர். பங்குனி சித்திரையில் இரண்டு மூன்று கோடை மழை விழுந்தால் தூரிலிருந்து பூவும் காயும் பிடிக்கிற சரம் தலைகாட்டும். வைகாசியில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்வோம், மழைக்கால மேகமூட்டத்தில் செடிக்கு வெளிச்சம் கிடைக்க வேண்டுமே. அதே சமயத்தில் அழுகல் வராமலிருக்க போர்டோ கலவை அடிப்போம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். ஆனியில் மழை பிடிக்கும். ஆடி ஆவணியில் காய் எடுப்பு தொடங்கி, சுற்றுச் சுற்றாகத் தை மாசி வரை போகும். என்னை வேலைக்குப் பழக்கிய பெரியவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். மழை ஒரு வாரம் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான்.

அந்த வரிசை இப்போது எந்த இடத்தில் ஒடிகிறது என்பதற்கு 2023 ஜூன் ஒரு சாட்சி. வழக்கம்போல மே கடைசியில் கவாத்து முடித்துவிட்டோம். அந்த ஜூனில் கேரளாவில் பெய்திருக்க வேண்டிய மழையில் 60 சதவீதம் பெய்யவில்லை. நிழலை வெட்டிய செடி வெயிலைத் தலையில் வாங்கியது. ஜூலையில் கொஞ்சம் பெய்து ஆறுதல் தந்தது. ஆகஸ்ட் மறுபடி ஏமாற்றியது, 87 சதவீதக் குறைவு. 1901 முதல் உள்ள கணக்கில் கேரளா அவ்வளவு வறண்ட ஆகஸ்டைப் பார்த்ததில்லை. காய் பருக்க வேண்டிய மாதம் அது.

அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2024 கோடை. பிப்ரவரி முதலே தண்ணீர் விட ஆரம்பித்தோம், மார்ச் பாதியில் கிணறு கைவிட்டது. ஏப்ரலில் நான் கண்ட தோட்டத்தை இன்னும் மறக்க முடியவில்லை. முதலில் மேல் இலை நுனி மஞ்சளித்தது. பிறகு இலை முழுக்க வெளுத்து, கையில் எடுத்தால் அப்பளமாக நொறுங்கியது. ஏலத்தட்டைக்குள் மரம் கிடையாது. இலையடிகள் ஒன்றையொன்று சுற்றி, தண்ணீரை வைத்துத்தான் நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீர் வற்றியதும் இடுப்பளவில் மடிந்து சாய்ந்தது. ஒரு தூரில் ஒன்று சாய்ந்தால் மறுநாள் பக்கத்திலிருப்பது சாயும். தரையோடு படர்ந்திருந்த சரங்களில் பூ வந்த இடமெல்லாம் கருகிக் கிடந்தது. இடுக்கி முழுக்க அந்தக் கோடையில் இதே கதைதான். வசதியுள்ளவர்கள் பச்சை வலையை வாங்கிச் செடிக்கு மேலே கட்டினார்கள். செத்த தூரைப் பிடுங்கிப் புதிதாக நட்டால் ஒழுங்காகக் காய் பார்க்க மூன்றாம் வருடம் ஆகும். மூன்று வருடம் என்பது, எடுப்புக்கு வருகிற பெண்களுக்கு மூன்று வருடக் கூலி.

இதற்கு நேர் எதிரான முகத்தையும் இதே தோட்டம் பார்த்திருக்கிறது. 2016இல் தென்மேற்குப் பருவமழை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, கேரளாவின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. இரண்டே வருடத்தில் 2018 வந்தது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை மாநிலத்தில் சராசரியாக 1,649.5 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 2,346.6 மி.மீ. பெய்ததாக மத்திய நீர் ஆணையம் கணக்கிட்டது, 42 சதவீதம் அதிகம். இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை ஷட்டர்களை 26 வருடம் கழித்துத் திறந்தார்கள். தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்த வெள்ளம் கீழே, பெரியாற்றங்கரையில். மேலே எங்களுக்கு நடந்தது சத்தமில்லாத அழிவு. மருந்தடிக்க நாலு மணி நேரம் மழை விட்ட வெறிச்சல் கிடைக்கவில்லை. காய் நீர்கோத்து, பழுப்பாகி, தூரடியில் கொட்டியது. தோட்டத்துக்குள் நுழைந்தாலே அழுகல் வாடை. மலைப்பாதைகளில் மண் சரிந்து ஜீப்புகள் வரவில்லை. மழை நின்ற அடுத்த மாதமே கேரளாவின் ஆறுகளிலும் கிணறுகளிலும் தண்ணீர் மளமளவென்று இறங்கிய செய்தியும் வந்தது. அவ்வளவு தண்ணீரில் நிலத்துக்குள் போனது எவ்வளவு சொற்பம் என்பது அப்போது உறைத்தது.

விளைச்சல் போனதால் 2019 ஆகஸ்டில் புற்றடி விற்பனை மையத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை தொட்டது. அந்த விலையைப் பார்த்து 'ஏலக்காரன் பிழைத்துக்கொண்டான்' என்றவர்கள் உண்டு. காயே இல்லாதபோது விலை ஏறி எடுப்புக்காரிக்கு என்ன? அவள் கூலி காய் விலையோடு ஏறுவதில்லை. வேலை நாள் மட்டும் காயோடு சேர்ந்து குறைகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதில் அறிவியல் உலகம் பெரிதாகக் குழம்பவில்லை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அது சுமக்கக்கூடிய ஈரப்பதம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. சுமை ஏறும் வரை பெய்யாமல் இழுத்தடிக்கும், பெய்தால் கொட்டும். இடைப்பட்ட நாட்களில் அதே வெப்பம் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். நமக்கு மேற்கே இருக்கும் அரபிக்கடல் வேகமாகச் சூடேறி வருகிறது. முன்பு தாழ்வான மேகங்கள் மலையில் மோதி நாள்கணக்கில் தூறிய இடத்தில், இப்போது இடிமேகங்கள் உயர எழும்பி இரண்டு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர், அதற்கும் மேல் இறக்குவதைக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 வெள்ளத்தை வைத்து விளக்கியிருக்கிறார்கள். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவில் அழித்த மழை, புவி சூடேற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பெய்தது என்று வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு சொன்னது. பத்து சதவீதம் கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஏற்கெனவே ஊறி நிற்கும் சரிவுக்கு அந்தப் பத்து அதிகம்.

வேலைத்தலத்தில் எனக்குப் பெரும் சங்கடமாக இருப்பது வேறொன்று. வறட்சிக்கு நாம் செய்கிற காப்பே வெள்ளத்தில் ஆபத்தாகிவிடுகிறது. தண்ணீரைப் பிடிக்க மழைக்குழி வெட்டச் சொல்வார்கள். சமதரையில் நல்ல யோசனைதான், செங்குத்துச் சரிவில் அதே குழி மலையின் உள்ளே தண்ணீரை இறக்கி மண்ணை இளக்கும். கோடைக்காக மலையுச்சியில் படுதாக்குளம் போடுகிறோம். தார்ப்பாய் விரித்த அந்தக் குளத்தில் லட்சக்கணக்கான லிட்டர் நிற்கிறது. ஆடி மழையில் கரை உடைந்தால் கீழே இருக்கும் குடியிருப்பு என்ன ஆகும்? எங்கள் தோட்டத்தில் இப்போது மழை பிடிக்கும் முன்பே குளத்தைப் பாதிக்கு இறக்கி வைக்கிறோம், வழிந்தோடுவதற்குக் கல் பாவிய தனி வாய்க்காலும் போட்டிருக்கிறோம். கவாத்தையும் ஒரே வீச்சில் முடிப்பதில்லை. பாதி மரத்தை மழை ஊன்றிப் பெய்த பிறகுதான் தொடுகிறோம். கூலிச் செலவு கூடத்தான் செய்கிறது. ஆனாலும் இதுதான் சரி என்று உறுதியாக நம்புகிறேன். நிழல் மரத்தை வெறும் இடைஞ்சலாகப் பார்த்து மொட்டையடித்த தோட்டங்கள்தான் 2024இல் முதலில் கருகின, மழையிலும் முதலில் அரித்தன.

தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து இருட்டோடு ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏறி வந்து, எடுப்பு முடித்து, பொழுது சாய இறங்கும். பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வீடு இருப்பது மழைமறைவுப் பக்கம். ஆனி ஆடியில் கம்பத்தில் வானம் வெளுத்துக் காற்றுதான் வீசும், அதே விடியலில் இந்தப் பக்கம் ஊற்றிக்கொண்டிருக்கும். தேனிக்கான வானிலை அறிவிப்பு சென்னையிலிருந்து வருகிறது, இடுக்கிக்கான அறிவிப்பு திருவனந்தபுரத்திலிருந்து. தூங்குவது ஒரு அறிவிப்பின் கீழ், வேலை செய்வது இன்னொன்றின் கீழ். இடுக்கிக்கு ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறார்கள். ஜீப்பை யாரும் நிறுத்துவதில்லை. அந்தச் செய்தி மலையாளத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது இந்தப் பெண்கள் அடுப்பங்கரையில் தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் மேல் விழுந்தது. செத்தவர்கள் 70 பேர், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். தகவல் தொடர்பு அறுந்து கிடந்ததால் மறுநாள் காலைதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு சரிவில் ஆட்களை உட்கார வைத்துக் காய் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, மழை வலுத்தால் உடனே மேட்டுக்கு ஏற்றிவிடுகிறேன்.

கோம்பையிலிருந்து வருகிற அக்கா ஒருவர் போன பருவத்தில் ஸ்டோர் வாசலில் நின்று கேட்டார்: "மழ பேஞ்சாலும் சம்பளம் போச்சு, காஞ்சாலும் சம்பளம் போச்சு. வருசத்துல எந்த மாசம் நாங்க சாப்பிடுறது, சொல்லு தம்பி?"

"மேல பேசியிருக்கேன்க்கா," என்றேன்.

"நீ பேசு. எழுதியும் குடு. பேச்சு காத்தோட போயிரும்."

எழுதத்தான் செய்கிறேன். மழைக்காலத்தில் இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மானியைப் பார்க்கிறோம். எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்று தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். விடியலுக்கு முன்பே ஜீப் டிரைவர்களுக்குத் தமிழில் குரல்செய்தி அனுப்புகிறோம். கம்பம்மெட்டிலிருந்து திருப்பி அனுப்பிய நாளுக்கு அரை நாள் சம்பளம் தர எங்கள் முதலாளி ஒப்புக்கொண்டார். பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் அது இல்லை, அதனால் டிரைவர்கள் சிலர் அலர்ட் அன்றும் வண்டியை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். கேரளாவில் தோட்டக் கூலியைப் பேசி முடிக்கும் பிளாண்டேஷன் லேபர் கமிட்டியில் மழை நாள் சம்பளமும் வெயில் நாள் சம்பளமும் ஒரு இனமாக வர வேண்டும் என்று சங்கத்துக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஏட்டின் நகலையும் கொடுத்திருக்கிறேன், எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வேலை நின்றது என்ற கட்டத்தோடு.