பாலிஹவுஸ் முலாம்பழம்: விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

மேலே பாலித்தீன் ஷீட் இருக்கிறது, மழை உள்ளே வராது, அதனால் நோயும் வராது என்று நம்பித்தான் டெல்டாவில் பலரும் பாலிஹவுஸில் முலாம்பழம் போடுகிறார்கள். மழை வராது, சரி. ஆனால் ஐப்பசி முதல் தை வரை சுற்றிலும் சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறதே! இரவில் பக்கத் திரையை முழுக்க இறக்கிவிட்டால் உள்ளே தேங்கும் ஈரம் ஷீட்டின் உட்புறத்தில் வியர்த்து, விடிகாலையில் இலைமேல் சொட்டும். இலை ஐந்தாறு மணி நேரம் நனைந்தே இருந்தால் அடிச்சாம்பல் நோய் உள்ளே புகுந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்கக் காலை ஏழு மணிக்குள் போக வேண்டும். அடி இலைகளின் மேற்புறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரியும். வெள்ளரியில் இந்தத் திட்டுகள் நரம்புகளுக்குள் அடங்கிக் கட்டம் கட்டமாக இருக்கும். முலாம்பழத்தில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. அதனாலேயே சத்துக் குறைபாடு என்று நினைத்து மெக்னீசியம் தெளித்து ஒரு வாரத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. இலையைத் திருப்பினால் திட்டின் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூசணம் இருக்கும். வெயில் ஏறி இலை காய்ந்துவிட்டால் சரியாகத் தெரியாது.

சாம்பல் நோய் வேறு. அது இலையின் இரு பக்கமும் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படரும். அதற்கு இலை நனைய வேண்டியதே இல்லை. நிழலும் நெருக்கமும் போதும். காய் பிடித்த பிறகுதான் பெரும்பாலும் வேகமெடுக்கும். இலை போனால் பழத்தில் இனிப்பு ஏறாது.

மருந்து வாங்குமுன் இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். அடிச்சாம்பலை உண்டாக்குவது உண்மையான பூஞ்சை அல்ல. அதனால் பூஞ்சைக்கு அடிக்கும் கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. மான்கோசெப் அல்லது குளோரோதலோனில் லிட்டருக்கு 2 கிராம், 10 நாள் இடைவெளியில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். இவை நோய் வராமல் காக்கும். உள்ளே புகுந்ததை விரட்டாது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் மலிவு என்றாலும், முலாம்பழத்தில் பல ரகங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. பங்குனி, சித்திரை வெக்கையில் இலையைக் கருக்கிவிடும். நான்கு கொடியில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. இலைக்குள் ஊடுருவும் மருந்துகளில் ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் சீக்கிரமே அது கேட்காமல் போகும்.

ஆனால் மருந்தைவிடத் திரைதான் முக்கியம். சாரல் அடிக்காத இரவுகளில் பக்கத் திரையை முழுக்க இறக்காதீர்கள். நம் ஊர்க் குளிரில் கொடிக்கு ஒன்றும் ஆகாது. விடிந்ததும் முழுக்க ஏற்றுங்கள். சொட்டுநீரை மாலையில் விடாமல் காலையில் விடுங்கள். கொடிக்கு ஒரு தண்டு மட்டும் விட்டு, காய்க்குக் கீழே உள்ள பக்கக் கிளைகளை வெயில் வந்த பிறகு கிள்ள வேண்டும். ஈரத்தோடு கிள்ளினால் அந்தக் காயம் வழியாகத் தண்டுக் கருகல் நுழையும். தண்டின் அடியில் நீர் கோத்த திட்டு, பழுப்புப் பிசின், பிறகு மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்: இதுதான் அடையாளம்.

கொடி வாடினால் உடனே தண்ணீரைக் கூட்டாதீர்கள். நம் களிமண்ணில் அதுவே வேரை அழுக வைக்கும். ஒரு கொடியைப் பிடுங்கித் தண்டை நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம் வாடல் என்ற பூஞ்சை நோய். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. இரண்டும் இல்லாமல் வேர் கொழகொழவென்று உரிந்து வந்தால் தண்ணீர் மிகுதி. பாத்தியை ஓர் அடி உயர்த்தாமல் நட்டதன் பலன்.

நச்சுயிரிக்கு (வைரஸ்) மருந்து இல்லை. இலை சுருண்டோ, தேமல் விழுந்தோ நின்றால் அந்தக் கொடியைப் பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். மற்ற கொடிகள் மேல் உரசிக்கொண்டு இழுத்துப் போகாதீர்கள். நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈயைத் தடுக்க 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலை வேண்டும். ஆனால் வலை நெருங்க நெருங்கக் காற்றோட்டம் குறையும், மறுபடி ஈரம் தேங்கும். அதனால் வலையைப் பொடியாக்குகிறவர்கள் வலைப் பரப்பையும் கூட்ட வேண்டும். இரட்டைக் கதவில் ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். ஆள் வேலை நடக்கும் நாளில் இது பெரும்பாலும் நடப்பதில்லை.

அறுவடை முடிந்ததும் கொடிகளை வேரோடு அகற்றிவிட்டு, கத்திரி வெயிலை விட்டுவிடாதீர்கள். பாத்தியை நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் ஷீட்டால் ஓரம் விடாமல் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். நோய்க் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை ஷீட்டை எடுத்த பிறகுதான் போட வேண்டும்: 25 சென்ட் பாலிஹவுஸுக்குக் கால் கிலோ, ஐந்து கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து. முன்பே போட்டால் நோய்க் கிருமியோடு அதுவும் வெந்துபோகும்.