கழிக்கப்பட்ட நூல்கள் கடல் கடக்கும் முன்

வெளிநாட்டில் தொடங்கவிருக்கும் ஒரு குழந்தைகள் நூலகத்துக்காக, இங்குள்ள நூலகங்கள் கழித்துவிட்ட புத்தகங்களைப் பிரித்து அடுக்கும் பணியில் சில நாள்கள் இருந்தேன். முதல் பெட்டியில் மேலாகக் கிடந்த படக்கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. இடைவெளியே இல்லாமல் பதிந்திருந்த நீல முத்திரைகள், எத்தனை குழந்தைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று எண்ண வைத்தன. தையல் உறுதியாக இருந்ததால் தயங்காமல் அதை அனுப்பும் அடுக்கில் வைத்தேன்.

அதற்கு அடியில் இருந்த வரைபட நூலைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. 2011-இல் தனி நாடான தெற்கு சூடான் அதில் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறுமி அதைத் திறந்து பக்கத்து நாட்டைத் தேடினால் என்ன நினைப்பாள்? நமக்குப் பழசாகிவிட்டது அங்கே புதிதாகிவிடும் என்ற எண்ணம் குழந்தைகளை மதிக்காத எண்ணம் என்றே நான் கருதுகிறேன். பூஞ்சை பிடித்தவற்றை அனுப்பவே கூடாது. வாரக்கணக்கில் கொள்கலனுக்குள் ஈரத்தோடு கிடந்தால் ஒரு புத்தகம் பெட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

2005-இல் தொடங்கிய ஆப்பிரிக்கன் லைப்ரரி ப்ராஜெக்ட் என்ற தொண்டு அமைப்பு கையாளும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குழு ஏறத்தாழ 1,000 புத்தகங்களைத் திரட்டி ஒரு நூலகத்துக்கு அனுப்புகிறது. அறை, அலமாரி, பொறுப்பாளர் ஆகியவற்றுக்கான ஏற்பாட்டைப் புத்தகங்களைப் பெறும் ஊரார் ஏற்கிறார்கள். 1954-இல் பழைய புத்தகங்களோடு தொடங்கிய புக் எய்ட் இன்டர்நேஷனலோ, இன்று பதிப்பகங்கள் தரும் புத்தம்புதிய நூல்களையே அனுப்புகிறது. 2000-இல் நேபாளத்தில் பணியைத் தொடங்கிய ரூம் டு ரீட், உள்ளூர் மொழிகளில் தானே சிறுவர் நூல்களை வெளியிடத் தொடங்கியது. தாய்மொழியில் ஒரு கதைகூட இல்லாத அலமாரியைக் குழந்தைகள் நூலகம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே, புத்தகங்களோடு உள்ளூர்ப் பதிப்புகளை வாங்கச் சிறு தொகையும் அனுப்புமாறு எங்கள் குழுவிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

கடைசி நாளில் ஒவ்வொரு புத்தகத்திலும் 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையைப் பதித்து, பழைய உறைகளைத் துடைத்து, தேதிச் சீட்டுகளைப் பிரித்தெடுத்தோம். அந்தப் படக்கதைப் புத்தகத்தின் சீட்டை மட்டும் நான் பிரிக்கவில்லை.