ஊமை ஈ

ஜூன் 17, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன. டியூஷன் பிள்ளைகள் புது நோட்டோடு வந்தார்கள். ஒன்றாவதும் இரண்டாவதும் கலந்த கூட்டம். மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களைத் திக்காமல் படிக்கிறார்கள். சரி, இனி லாங் வவல், அதாவது உயிரெழுத்து தன் பேரையே ஒலியாகச் சொல்வது.

பயிற்சிப் புத்தகம் வழக்கம்போல ஏ-யில் தொடங்குகிறது. சி-ஏ-பி, அதன் வாலில் ஒலிக்காத ஒரு ஈ (E). நான் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஐ-யில் தொடங்குகிறேன். அம்மாக்கள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதித் தருவார்கள். தொப்பியும் 'கேப்', தோளில் போடும் அங்கியும் 'கேப்'. அப்புறம் அந்த ஈ எதற்கு வந்தது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கிட்-கைட், பின்-பைன் என்றால் தமிழில் எழுதினாலும் வித்தியாசம் நிற்கும்.

கே-ஐ-டி எழுதி, ஈ சேர்த்தேன். "காத்தாடி!" என்று ஒரே கூச்சல். "மாஞ்சா போட்டா போலீஸ் புடிக்கும் மிஸ்" என்றான் அஸ்வின். பாடத்துக்குத் திரும்ப வெகு நேரம் ஆனது.

ஜூன் 19, வியாழன்

பி-ஐ-டி-ஈ என்பதை அஸ்வின் 'பீட்' என்று படிக்கிறான். அவன் கணக்கு நியாயமான கணக்கு. பள்ளியில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இ-யை நீட்டினால் ஈ. 'லாங்' என்று பெயர் வைத்தால் நீட்டத்தானே செய்வான்? ஆங்கிலத்தில் இது நீட்டுகிற விஷயம் இல்லை, ஒலியே வேறாகிறது. ஆகவே வகுப்பில் 'நீட்டு' என்ற பேச்சுக்கே தடை. "ஊமை ஈ வந்தா, முன்னாடி இருக்கிற எழுத்து தன் பேரைச் சொல்லும்." இது பிடித்துக்கொண்டது.

ஜூன் 23, திங்கள்

ஜெனிஃபரைக் கூப்பிட வந்த தாத்தா, ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கேட்டார்: "சத்தமே இல்லாத எழுத்த எதுக்கும்மா போட்டான் வெள்ளக்காரன்?"

ஒரு காலத்தில் சத்தம் இருந்தது. பெயரைக் குறிக்கிற 'நேம்' என்ற சொல்லை முன்பு கிட்டத்தட்ட 'நாம' என்றுதான் சொன்னார்கள். கடைசி ஒலி தேய்ந்துபோனது. 1400 முதல் 1700 வரை நெடில் ஒலிகளும் ஒவ்வொன்றாக இடம் மாறின. அது முடிவதற்குள், 1476-ல், காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் போட்டுவிட்டார். எழுத்து மெல்ல அச்சில் உறைந்துவிட்டது, பேச்சு தன் வழியே போய்விட்டது. "அப்போ நம்ம புள்ளைங்க மேல தப்பு இல்ல" என்றார் தாத்தா. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

ஜூன் 27, வெள்ளி

தெருவில் பார்த்த பலகைகளைப் பார்த்து எழுதிவரச் சொல்லியிருந்தேன். அருமையான அறுவடை. கொருக்குப்பேட்டை 'கேட்', எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் 'சேல்', மீன்பிடித் துறைமுகத்தில் 'ஐஸ்'. ஐஸில் அந்த ஈ இரண்டு வேலை பார்க்கிறது: ஐ-யைப் பேர் சொல்ல வைக்கிறது, சி-யையும் ஸ் ஆக்கிவிடுகிறது.

மெட்ரோ ஸ்டேஷனில் எழுதிவந்த 'ரயில்' என்பதில் ஊமை ஈ இல்லை, ஏ-வும் ஐ-யும் சேர்ந்து நிற்கின்றன. இங்கே இடம்தான் முக்கியம். நடுவில் என்றால் ஏ-ஐ: ரெயின், டிரெயின். கடைசியில் என்றால் ஏ-ஒய்: டே, பிளே. ஆங்கிலச் சொல் ஐ-யில் முடிவது அபூர்வம். ஓ-வுக்கும் அப்படித்தான்: 'போட்', 'ரோடு' நடுவில் ஓ-ஏ, 'ஸ்லோ', 'ஷோ' கடைசியில் ஓ-டபிள்யூ. அதே ஓ-டபிள்யூவை வேறு ஒலியில் வைத்துக்கொண்டு 'கௌ' குறுக்கே வந்து நிற்கும். அதற்கு நாள் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

"மிஸ், 'ஹேவ்'ல ஈ இருக்கு, 'கிவ்'லயும் இருக்கு. ஏன் பேர் சொல்லல?" ஜெனிஃபர்தான். ஆங்கிலச் சொல்லை வி-யில் நிறுத்த மாட்டார்கள். அந்த ஈ வெறும் காவலுக்கு என்றேன். "வாட்ச்மேன் ஈ" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

நாளைக்கு ஈ-ஏ. டீக்கடைப் பலகையில் தொடங்கலாம், கடலுக்கும் அதுவே செல்லும். பிரெட்டில் மாட்டிக்கொள்வோம், அங்கே ஈ-ஏ இருந்தும் ஒலி 'எ'தான். அது தெரிந்த கதை.