மராத்வாடாவின் கரும்பும் லாத்தூரின் தண்ணீர் ரயிலும்

2016 ஏப்ரலில், மகாராஷ்டிரத்தின் மீரஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் அனுப்பப்பட்டது. முதல் வண்டியில் 10 டேங்கர் பெட்டிகள், 5 லட்சம் லிட்டர் தண்ணீர். நகருக்குக் குடிநீர் தந்துவந்த மாஞ்சரா அணை வற்றிப்போயிருந்ததால், தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாதென்று முந்தைய மாதமே 144 தடை உத்தரவு போட்டிருந்தார்கள். மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் அந்தப் பருவத்திலும் லாத்தூர் அடங்கிய மராத்வாடா பகுதியின் சர்க்கரை ஆலைகள் கரும்பு அரைத்தன என்பதை நினைத்தால், பழியை முழுவதும் வானத்தின் மீது போட எனக்கு மனம் வரவில்லை.

மராத்வாடாவில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது. கரும்புக்கோ 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை தண்ணீர் வேண்டும். கரணை ஊன்றியதிலிருந்து வெட்டுக்கு வரும்வரை 12 முதல் 18 மாதங்கள் வயலில் நிற்பதால், குடிக்கவே தண்ணீர் கிடைக்காத ஏப்ரல், மே மாதங்களிலும் அதற்குப் பாய்ச்சியாக வேண்டும். வெட்டிய பிறகும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புப் பயிரை விட்டால் அதே தாகம் அடுத்த ஆண்டும் தொடரும். மாநிலத்தின் சாகுபடிப் பரப்பில் சுமார் 4 சதவீதமே உள்ள இந்தப் பயிர், பாசன நீரில் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது.

இதற்காக விவசாயியைக் குறை சொல்வது அநியாயம். கரும்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் விலை நிர்ணயிக்கிறது. ஆலை அதற்குக் குறைத்து வாங்க முடியாது. 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டுமென்று 1966ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நிலுவை இழுத்தடிக்கப்பட்டாலும், வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்ற நிம்மதி அவருக்கு உண்டு. பெரும்பாலும் மழையை நம்பியே விளையும் துவரைக்கு அந்த நிம்மதி கிடையாது. 2016-17இல் விளைச்சல் பெருகியபோது, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என அரசு அறிவித்த ஆதரவு விலைக்கும் கீழே சந்தை விலை இறங்கியது. பருப்பு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற லாத்தூர் பகுதியின் விவசாயிக்கே அந்த நிலை.

கரும்புக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தைக் கட்டாயமாக்க 2017இல் மாநில அரசு முடிவெடுத்தது, நல்ல முடிவுதான். எனினும் மிச்சமாகும் தண்ணீரில் இன்னோர் ஏக்கர் கரும்பு நட்டால் நிலத்தடி நீர் ஏறாது. துவரையையும் சோளத்தையும் அறிவித்த விலைக்குத் தவறாமல் கொள்முதல் செய்ய அரசு முன்வராதவரை, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் உள்ளவர் கரும்பைத்தான் நடுவார். அவரிடம் வேறெதையும் நடச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.