அமெரிக்கக் குடியேற்றங்களும் போர்களும்: வரலாற்று விருப்பப் பாடத்துக்கு நான் படித்த முறை

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதுவோருக்கு, இரண்டாம் தாளின் உலக வரலாற்றுப் பகுதியில் 'அமெரிக்கப் புரட்சியும் அரசமைப்பும்' என்பது பாடத்திட்டத்தில் ஒற்றை வரியாகத்தான் தெரியும். அந்த வரிக்குப் பின்னால் 1607 முதல் 1815 வரையிலான இரு நூற்றாண்டுகளும், பெரிதும் சிறிதுமாகப் பல போர்களும் அடங்கியிருக்கின்றன என்பது படிக்க உட்கார்ந்த பிறகே புரியும். முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாற்றைத் தனித் தாளாக எழுதுவோருக்கும் இந்தச் சுமை பழக்கமானதே. நான் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குப் பயன்பட்ட வழியை, அதே பாடத்தைத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த வழி எளிமையானது. ஒரு போரைப் படிக்கும்போது தளபதிகளின் பெயர்களையும் போர்க்களங்களின் வரிசையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, போர் முடிந்தபோது கடன் யார் தலையில் விழுந்தது, நிலம் யார் கைக்குப் போனது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் முதலில் விடை எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தைப் பொறுத்தவரை, அடுத்த மோதலின் காரணம் பெரும்பாலும் அந்த விடைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. தேர்வில் கேட்கப்படுவதும் காரணமும் விளைவும்தானே தவிர, எந்தப் படைப்பிரிவு எந்த மேட்டின் மீது ஏறியது என்பதன்று.

குடியேற்றங்களிலிருந்து தொடங்குவோர் பலரும், பின்னாளில் அமெரிக்காவாக இணைந்த பதின்மூன்று ஆங்கிலக் குடியேற்றங்களின் பெயர்களையும் தோற்ற ஆண்டுகளையும் அட்டவணையாக்கி மனப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கொள்குறி வினாத் தேர்வுகளுக்கு அது உதவலாம். விரிவாக விடை எழுதும் தேர்வுக்கு அந்த உழைப்பு வீண் என்பது என் கருத்து. வர்ஜீனியா, மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா ஆகிய மூன்றை ஆழமாகப் படித்தால், மற்ற பத்தையும் அவற்றோடு ஒப்பிட்டுச் சில சொற்களில் குறிப்பிட்டுவிடலாம். வர்ஜீனியா 1606ஆம் ஆண்டின் அரச சாசனத்தைப் பெற்ற ஒரு வணிக நிறுவனத்தின் முயற்சி. 1607இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பசிக்கும் நோய்க்கும் இரையானார்கள். 1609–10ஆம் ஆண்டுக் குளிர்காலப் பஞ்சத்தில் அக்குடியேற்றம் ஏறத்தாழ அழிந்தே போனது. அதைக் காப்பாற்றியது ஜான் ரோல்ஃப் பயிரிட்டுக் காட்டிய புகையிலை. கடல் கடந்து வருவோர் ஒவ்வொருவரின் பேரிலும் 50 ஏக்கர் வழங்கும் ஏற்பாடு ஒருபுறம் நிலப்பசியை வளர்க்க, 1619ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்க மண்ணின் முதல் ஆங்கிலேயப் பிரதிநிதிகள் அவையும் கூடியது, ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிவந்த கப்பலும் கரை சேர்ந்தது. இந்த இரண்டும் சில வாரங்களுக்குள் நிகழ்ந்தவை என்பதை விடையின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால், சுதந்திரம் பேசிய நாட்டில் அடிமைமுறை எப்படி நிலைத்தது என்ற கேள்விக்கு அடித்தளம் போட்டாயிற்று.

மாசசூசெட்ஸில் சமயமும், ஊர்மக்கள் கூடி முடிவெடுக்கும் நகர்க்கூட்டங்களும் முன்னிற்கின்றன. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளைவிட, 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் தொடங்கிய பெரிய குடியேற்றமே அரசியல் நோக்கில் முக்கியமானது. சமயச் சுதந்திரத்தைத் தேடி வந்த தூய்மைவாதிகள் (இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய கிறித்தவர்கள்) மாற்றுக் கருத்துக் கொண்ட போதகர் ரோஜர் வில்லியம்ஸை வெளியேற்றியதையும், அவர் 1636இல் ரோட் தீவுக் குடியேற்றத்தின் முதல் ஊரை அமைத்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். இல்லையேல் தூய்மைவாதிகளைப் பற்றிய விடை வெறும் புகழுரையாகிவிடும். பென்சில்வேனியாவோ கடனிலேயே பிறந்தது. வில்லியம் பென்னின் தந்தைக்கு அரசர் இரண்டாம் சார்லஸ் தர வேண்டியிருந்த தொகைக்கு ஈடாகவே 1681இல் அந்த நிலப்பரப்பு மகனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது.

பூர்வகுடிகளுடனான போர்களைப் பாடக் கையேடுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நம்முடைய இரண்டு கேள்விகளையும் அங்கே கேட்டுப் பாருங்கள். 1675–76இல் பூர்வகுடித் தலைவர் மெட்டாகாம் தலைமையில் நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குக் குடியேற்றங்களில்) மூண்ட போரைக் குடியேறிகள் தங்கள் செலவிலேயே நடத்தினார்கள். நிலம் அவர்கள் கைக்கு வந்தது, கடனும் அவர்கள் தலையிலேயே ஏறியது. இளைத்துப்போன மாசசூசெட்ஸின் சாசனத்தை 1684இல் லண்டன் ரத்து செய்தது. 1686இல் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களை ஒரே ஆளுநரின் கீழ் கட்டியது. இங்கிலாந்தில் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்த மாண்புமிகு புரட்சியின் செய்தி எட்டியதும் 1689இல் பாஸ்டன் மக்கள் அந்த ஆளுநரைச் சிறைப்பிடித்தார்கள். அதே 1676இல் வர்ஜீனியாவில் நிலம் கிடைக்காத எல்லைப்புறத்தார் நத்தானியல் பேக்கன் தலைமையில் எழுந்து ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார்கள். அந்தக் கலகத்துக்குப் பிறகு தோட்ட முதலாளிகள் ஒப்பந்தப் பணியாளர்களை விட்டு ஆப்பிரிக்க அடிமைகளை நாடினார்கள் என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மையே. இங்கிலாந்திலிருந்து பணியாளர் வரத்து குறைந்ததும், ஆங்கிலேய அடிமை வணிகம் விரிந்ததும் சேர்ந்தே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. ஒற்றைக் காரணம் எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்காது.

இந்தத் தலைப்பு முழுவதிலும் நான் மிகுதியான நேரத்தைச் செலவிட்டது 1754க்கும் 1774க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் மீதுதான். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்பேன். ஒஹையோ பள்ளத்தாக்கு யாருக்கு என்ற பூசலில் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டனின் சிறுபடை 1754இல் பிரெஞ்சுக்காரர்களோடு மோதியதில் தொடங்கியது, ஐரோப்பாவிலும் கரீபியக் கடலிலும் இந்தியாவிலும் பரவிய ஏழாண்டுப் போராக வளர்ந்தது. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை கனடாவையும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பிரான்சுக்கிருந்த நிலத்தையும் பிரிட்டனுக்குக் கொடுத்தது. ஆனால் போர் தொடங்கியபோது ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டாக இருந்த பிரிட்டனின் தேசியக் கடன், போர் முடிந்தபோது 13 கோடியைத் தாண்டியிருந்தது. நிலமும் கடனும் ஒரே கையில் சேர்ந்ததுதான் இங்கே சிக்கல். அந்த ஆண்டே போன்டியாக்கின் தலைமையில் பூர்வகுடிகள் எழுந்ததால், அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறக்கூடாது என்று 1763 அக்டோபரில் அரசர் பிரகடனம் செய்தார். எல்லையைக் காக்க நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கைக் குடியேறிகளிடமே வசூலிக்க 1764இல் சர்க்கரைச் சட்டமும் 1765இல் அச்சிட்ட தாள்களுக்கும் சட்ட ஆவணங்களுக்கும் வரி விதித்த முத்திரைச் சட்டமும் வந்தன. எந்த நிலத்துக்காகப் போரிட்டார்களோ அந்த நிலம் மறுக்கப்பட்டது, அந்தப் போரின் கணக்கோ வரியாக வீடு தேடி வந்தது. இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டால், 'பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை' என்ற முழக்கத்தை அந்தரத்தில் தொங்கவிடாமல் எழுத முடியும்.

முத்திரைச் சட்டம் 1766இல் நீக்கப்பட்ட அதே நேரத்தில், குடியேற்றங்களை எல்லா வகையிலும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்று ஒரு பிரகடனச் சட்டமும் வந்தது. பல விடைகளில் இது விடுபடுகிறது. பிரிட்டன் பணத்தை விட்டுக்கொடுத்தது, உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1774ஆம் ஆண்டின் கியூபெக் சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒஹையோ ஆறு வரையிலான நிலத்தைக் கியூபெக்கோடு இணைத்த அச்சட்டம், பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியதற்காக மாசசூசெட்ஸைத் தண்டிக்க வந்த சட்டங்களுக்கு இணையாகவே குடியேறிகளைச் சினம் கொள்ளச் செய்தது.

வரலாற்று மாணவர்களுக்கு இங்கே ஓர் உபரிப் பயன் உண்டு. ஏழாண்டுப் போரின் இந்தியக் கிளைதான் நாம் மூன்றாம் கர்நாடகப் போர் என்று படிப்பது. 1760 சனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும், 1761இல் புதுச்சேரி வீழ்ந்ததும், 1763ஆம் ஆண்டின் அதே உடன்படிக்கையின்படி அவ்வூர் பிரான்சுக்குத் திரும்பியதும் அமெரிக்கக் கதையின் மறுபக்கங்களே. அதைவிடப் பயனுள்ள இணைப்பு 1773ஆம் ஆண்டு. விற்காத தேயிலை கிடங்குகளில் குவிந்தும், வங்காளப் பஞ்சத்துக்குப் பின் நிதி சீர்குலைந்தும் தள்ளாடிய ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த, நாடாளுமன்றம் அந்த ஓராண்டில் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, நாம் இந்திய அரசமைப்பு வரலாற்றின் தொடக்கமாகப் படிக்கும் ஒழுங்குமுறைச் சட்டம். மற்றொன்று, பழைய தேயிலை வரியை நீக்காமலேயே நிறுவனம் குடியேற்றங்களில் நேரடியாகத் தேயிலை விற்க வழிசெய்த தேயிலைச் சட்டம். அதன் விளைவாகவே 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது இந்தியத் தேயிலை அன்று, சீனத் தேயிலை. அசாம் தோட்டங்கள் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கும் மேல் இருந்தது. விடைத்தாளில் 'இந்தியத் தேயிலை' என்று எழுதுவதைத் தவிர்க்கவும். 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தலைவரான கார்ன்வாலிஸ் 1786இல் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு வந்ததையும் ஒரு வரியில் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

விடுதலைப் போரின் களங்களுக்கு நான் ஒரே பக்கக் குறிப்புதான் வைத்திருந்தேன். 1775 ஏப்ரலில் போர் தொடங்கிய லெக்சிங்டனும் கான்கார்டும், 1777 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் படை சரணடைந்த சரடோகா, 1781 அக்டோபரில் யார்க்டவுன் ஆகியவை போதும். சரடோகாவின் முக்கியத்துவம் 1778 பிப்ரவரியில் பிரான்சுடன் கையெழுத்தான உடன்படிக்கையில் இருக்கிறது. யார்க்டவுனின் முக்கியத்துவம் செசபீக் விரிகுடாவை அடைத்து நின்ற பிரெஞ்சுக் கடற்படையில் இருக்கிறது. இவ்விரண்டையும் எழுதாமல் வாஷிங்டனின் மனவுறுதியை மட்டும் பாடுவது வரலாற்று விடைக்கு ஏற்றதன்று.

மாறாக, 1783க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை விரிவாகப் படியுங்கள், ஏனெனில் பாடத்திட்டத்தில் 'அரசமைப்பு' என்ற சொல் இருப்பது அதற்காகத்தான். மீண்டும் அந்த இரண்டு கேள்விகளே. கடன்: போரை நடத்திய, மாநிலங்களின் தளர்வான ஒன்றியமான கூட்டமைப்புக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. மாநிலங்கள் தங்கள் கடனை அடைக்கக் கடுமையாக வரி விதிக்க, மேற்கு மாசசூசெட்ஸின் உழவர்கள், அவர்களில் பலர் சம்பளப் பாக்கியோடு வீடு திரும்பிய படைவீரர்கள், 1786–87இல் டேனியல் ஷேஸின் பெயரால் அறியப்படும் கலகத்தில் நீதிமன்றங்களை முடக்கினார்கள். 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடி அரசமைப்பை வரைந்த 55 பிரதிநிதிகளின் மனத்தில் அந்தக் கலகம் இருந்தது. புதிய அரசு அமைந்ததும் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் மாநிலங்களின் போர்க்கடனை 1790இல் நடுவண் அரசின் மீது ஏற்றினார். அதைத் தீர்க்க 1791இல் விஸ்கி மீது வரி போட்டார். 1794இல் மேற்குப் பென்சில்வேனியா கொதித்தபோது ஏறத்தாழ 13,000 குடிப்படையினர் திரட்டப்பட்டனர். ஷேஸ் கலகத்தையும் விஸ்கிக் கலகத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவதே அரசமைப்பு என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைக் காட்டும் நேர்வழி.

நிலம்: 1783ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் மிசிசிப்பி வரையிலான நிலத்தைப் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது, அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் அந்த உடன்படிக்கையில் தரப்பினரே அல்லர். ஒஹையோவுக்கு வடக்கே புதிய மாநிலங்கள் உருவாகும் முறையை வகுத்து, அங்கே அடிமைமுறையைத் தடைசெய்த 1787ஆம் ஆண்டின் வடமேற்குச் சட்டத்தைப் புகழ்வோர், அதே நிலத்துக்காக நடந்த போரை மறந்துவிடுகிறார்கள். 1791 நவம்பரில் லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் ஆகியோரின் தலைமையில் பூர்வகுடிக் கூட்டணி அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் படையை முறியடித்தபோது 600க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அக்கூட்டணி 1794இல் தோற்ற பிறகே, 1795ஆம் ஆண்டின் கிரீன்வில் உடன்படிக்கையில் ஒஹையோவின் பெரும்பகுதி கைமாறியது.

குறிப்புகளைப் படிப்பதோடு மூல ஆவணங்கள் சிலவற்றையும் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். யேல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி நடத்தும் அவலான் இணையத் தொகுப்பில் 1763ஆம் ஆண்டின் பிரகடனமும் கூட்டமைப்பு விதிகளும் வடமேற்குச் சட்டமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தில் எல்லோரும் இரண்டாம் பத்தியை மேற்கோள் காட்டுவார்கள்; நீங்கள் அரசர் மீதான குற்றச்சாட்டுப் பட்டியலைப் படியுங்கள். அதன் கடைசிக் குற்றச்சாட்டு பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று வர்ணிக்கிறது. அதை 1763ஆம் ஆண்டின் எல்லைக்கோட்டோடு பொருத்தினால் கிடைக்கும் கருத்து, தேர்வரின் சொந்தச் சிந்தனை என்று திருத்துபவருக்குத் தெரியும்.

150 சொற்களுக்குள் எழுத வேண்டிய பத்து மதிப்பெண் வினாவில் பின்னணி எழுத இடமில்லை. 'ஏழாண்டுப் போரின் வெற்றியே பிரிட்டனின் தோல்விக்கு வித்திட்டது' என்ற கூற்றை நானே எனக்கு வினாவாக வைத்துக்கொண்டு எழுதிப் பழகியபோது, முதல் வரியிலேயே கடன் தொகையையும் எல்லைக்கோட்டையும் குறிப்பிட்டு, பிரெஞ்சு அச்சம் நீங்கியதால் குடியேறிகளுக்குப் பிரிட்டனின் பாதுகாப்பு தேவையற்றதானதை அடுத்துச் சொல்லி, இறுதியில் ஒரு மாற்றுக் கருத்துக்கு இரண்டு வரிகள் ஒதுக்குவது அளவாக அமைந்தது. அந்த மாற்றுக் கருத்து: போருக்கு முன்பே குடியேற்ற அவைகள் நிதி அதிகாரத்தைத் தம் கையில் வைத்திருந்தன, ஆகவே மோதல் எப்படியும் வந்திருக்கும்.

அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812ஆம் ஆண்டுப் போர் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதனால் பலர் அதைத் தொடுவதேயில்லை. அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை வலிந்து பிடித்துச் சென்றது, மேற்கு நிலத்தின் மீதான ஆசை ஆகிய இரண்டும் காரணங்கள். 1814 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரம் எரிந்தது. டிசம்பரில் இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை எல்லாவற்றையும் போருக்கு முந்தைய நிலைக்கே கொண்டுபோனது. நியூ ஆர்லியன்ஸ் சண்டை அதற்கு இரு வாரங்களுக்குப் பின் நடந்தது உண்மைதான், ஆயினும் உடன்படிக்கைக்கு அமெரிக்க மேலவை ஒப்புதல் அளித்தது 1815 பிப்ரவரியில் என்பதால், 'போர் முடிந்த பிறகு நடந்த சண்டை' என்று எழுதுவது சரியன்று. காகிதத்தில் எவருக்கும் ஆதாயமில்லாத இந்தப் போரில் இழந்தவர்கள் பூர்வகுடிகள். வடக்கே கூட்டணி கட்டிய டெகும்சே 1813இல் வீழ்ந்தார்; தெற்கே கிரீக் மக்கள் 1814ஆம் ஆண்டின் ஃபோர்ட் ஜாக்சன் உடன்படிக்கையில் 2 கோடிக்கும் மேற்பட்ட ஏக்கரை இழந்தார்கள். அந்த நிலம் பருத்தித் தோட்டமாகி, அங்கே அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டு, 1819இல் அலபாமா மாநிலமானது. பாடத்திட்டத்தில் அடுத்து வரும் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான குறிப்புகளை மேற்கு நிலத்தில் அடிமைமுறைக்கு எல்லை வகுத்த 1820ஆம் ஆண்டின் மிசௌரி சமரசத்திலிருந்து தொடங்காமல், இந்த 1814ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து தொடங்கி எழுதுங்கள்.