தண்ணி ஏறுன ராத்திரி

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. தூத்துக்குடி மாவட்டத்துல ஏரல் பக்கத்துல எங்க அம்மா ஊர்ல அன்னைக்கு கேரல் ரவுண்ட்ஸ், அதாவது வீடு வீடா கிறிஸ்துமஸ் பாட்டு பாடப் போறதா இருந்தோம், ட்ரம் கீபோர்டு எல்லாம் ரெடி, ஆனா காலையிலேர்ந்தே விடாத மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டியிருக்குன்னு பின்னாடிதான் தெரியும், அப்ப எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் கரண்ட் போச்சு, டவர் போச்சு, ராத்திரி தெருவுக்குள்ள தண்ணி வந்துருச்சு, அவ்வளவுதான்.

எங்க சர்ச், நாங்க கோயில்னுதான் சொல்லுவோம், கொஞ்சம் மேட்டுல இருக்கு. முப்பது நாப்பது பேரு பாய் போர்வையோட அங்க போயிட்டோம். எனக்கு நீச்சல் தெரியாது, சின்ன வயசுலேர்ந்தே தண்ணின்னா பயம். இருட்டுல அந்த வெள்ளச் சத்தம் இருக்கே, ஒரு லாரி தூரத்துல வந்துகிட்டே இருக்கிற மாதிரி, வந்து சேராமலே. கை நடுக்கம் நிக்கல. ஜெபம் பண்ணலாம்னா 'ஆண்டவரே ஆண்டவரே'ங்கிறதுக்கு மேல வார்த்தை வரல.

எங்க ஆச்சிதான் ஆரம்பிச்சாங்க. 1992-ல வந்த வெள்ளத்தையும் பார்த்தவங்க. புக் இல்ல, வெளிச்சம் இல்ல, மனப்பாடமா ஒரு கீர்த்தனையோட பல்லவிய எடுத்தாங்க. ரெண்டாவது வரியில பெரியம்மா சேந்தாங்க, அப்புறம் பின்னாடி படுத்திருந்த தாத்தா ஒருத்தர், அப்புறம் கொயர் பசங்க. என்னால முடியல, தொண்டை அடைச்சுகிச்சு. ஆனா வரி முடியுற இடத்துல எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு, நான் முதல்ல அந்த மூச்சுலதான் சேந்தேன், நாலஞ்சு பாட்டு போனப்புறம்தான் குரலே வந்துச்சு.

பயம் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், விடியுற வரைக்கும் இருந்துச்சு. ஆனா நான் விட்ட வரிய பெரியம்மா பாடிட்டாங்க, அவங்களுக்கு இருமல் வந்தப்ப நான் பாடுனேன். விசுவாசத்த ஒவ்வொருத்தரும் தனியா சுமக்கணும்னு அதுவரைக்கும் நினைச்சு எத்தனை தடவை நான் தோத்திருக்கேன்! நடுவுல யாரோ 46-ஆம் சங்கீதம் சொன்னாங்க, தண்ணி கொந்தளிச்சாலும் பயப்படோம்னு வர்ற இடத்துல சின்னப் பிள்ளைங்க கூட சேந்து சொல்லுச்சுங்க, நான் அழுதுட்டேன்.

பைபிள்ல பவுலும் சீலாவும் நடுராத்திரியில ஜெயில்ல பாடுனத சண்டே ஸ்கூல் காலத்துலேர்ந்து கேட்டிருக்கேன். மத்த கைதிங்க அதக் கேட்டுகிட்டு இருந்தாங்கன்னு அங்கேயே எழுதியிருக்கு, அத மட்டும் கவனிச்சதே இல்ல.

தண்ணி வடிஞ்சப்புறம் எதிர் மாடி வீட்டு அக்காவப் பார்த்தேன். அவங்க அம்மன் கோயிலுக்குப் போற குடும்பம். "ராத்திரி பூரா உங்க பாட்டு கேட்டுச்சும்மா, நடுவுல நிப்பாட்டுனப்பல்லாம் எங்களுக்குத்தான் பக்குன்னு ஆயிருச்சு"ன்னாங்க. ஆச்சி முதல்ல பாடுன பாட்டு என்னன்னு கேட்டு எழுதித் தரச் சொன்னாங்க. எங்க வீட்டு நோட்டெல்லாம் ஊறிப் போயிருந்துச்சு, அவங்க வீட்டு காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சு பின்பக்கத்துல எழுதிக் குடுத்தேன்.